டி டிரைவை ஃபார்மட் செய்ய விடாதீர்கள்

கேள்வி: ஐயா, முனைவர் பட்ட ஆய்வேட்டை அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும். வீட்டில் இருப்பது அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். விண்டோஸ் 10 இருக்கும் சி டிரைவ் எஸ்எஸ்டி, ஆய்வு எல்லாம் இருக்கும் டி டிரைவ் 1 டிபி ஹார்ட் டிஸ்க். போன வாரம் நான்காம் இயலை சேவ் செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது, யுபிஎஸ் தாங்கவில்லை. கரண்ட் வந்ததும் நீலத்திரை, அப்புறம் டிரைவைச் சரிபார்க்கிறேன் என்று வெகுநேரம் ஓடி, ஒருவழியாக விண்டோஸ் வந்தது. இப்போது நான்காம் இயல் திறக்கவே மாட்டேன் என்கிறது, அளவு மட்டும் 3 எம்பி என்று சரியாகக் காட்டுகிறது. ஐந்தாம் இயலைத் திறந்தால் படிக்க முடியாத உள்ளடக்கம் இருப்பதாகச் சொல்கிறது. களப்பணி ஒலிப்பதிவுகளும் படங்களும் இருந்த ஃபோல்டரையே காணோம். பல வருடம் முன்பு நெறியாளர் கொடுத்த தட்டச்சுக் குறிப்புகளைத் திறந்தால் அதுவும் ஆங்கில எழுத்துக் குப்பையாக இருக்கிறது. கடைக்காரர் டி டிரைவை ஃபார்மட் செய்து ரெகவரி சாஃப்ட்வேர் போட்டால் எல்லாம் வந்துவிடும் என்கிறார். கொடுத்துவிடலாமா? - ஓர் ஆய்வு மாணவி

பதில்:

கொடுக்காதீர்கள். ஃபார்மட் செய்துவிட்டுத் தேடுவது என்பது சில கடைகளில் பழக்கமாகிவிட்டது. டிரைவ் திறக்கவே மறுக்கும்போது வேறு வழி தெரியாமல் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. உங்கள் டி டிரைவ் திறக்கிறது, அதில் கோப்புகளும் தெரிகின்றன, அப்புறம் எதற்கு ஃபார்மட்? குவிக் ஃபார்மட் செய்தாலே கோப்புகளின் பெயரும் இடமும் எழுதிவைத்திருக்கும் அட்டவணையின் மேல் புதிய அட்டவணை உட்கார்ந்துவிடும். குவிக் என்ற இடத்தில் டிக் போட மறந்து முழு ஃபார்மட் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் என்பது டிரைவ் முழுக்கப் பூஜ்ஜியத்தை எழுதுகிற வேலை. அதற்குப் பிறகு நானில்லை, உலகத்தில் யார் வந்தாலும் எடுத்துத் தர முடியாது.

கணினியை இப்போதே ஷட்டவுன் செய்யுங்கள். கேபினட்டைத் திறக்கத் தெரியும் என்றால் அந்த ஹார்ட் டிஸ்க்கின் பவர் கேபிளை மட்டும் உருவி வைத்துவிடுங்கள், தெரியாவிட்டால் கணினியைப் போடாமல் இருங்கள். டிரைவில் இருந்து நீங்கிப்போன கோப்பின் மேல் வேறு எதுவும் எழுதப்படாத வரைதான் அது அங்கே இருக்கும். மீட்பு மென்பொருளை டவுன்லோடு செய்து அதே டி டிரைவில் இன்ஸ்டால் செய்து, மீட்ட கோப்புகளையும் டி டிரைவிலேயே சேவ் செய்கிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். தேடப்போன பொருளின் மேலேயே ஏறி நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்தால், நான்கும் ஒரே கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. நான்கும் வேறு வேறு. ஒன்றில் கோப்பின் பெயர் இருக்கிறது, உள்ளே எதுவும் இல்லை. ஒன்றில் உள்ளடக்கம் இருக்கிறது, எங்கோ ஓரிடத்தில் அடிபட்டிருக்கிறது. ஒன்றில் உள்ளடக்கம் பத்திரமாக இருக்கிறது, முகவரி போய்விட்டது. நான்காவதற்கு இந்த மின்வெட்டோடு சம்பந்தமே இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருளை ஓட்டினால் பாதி வரும், பாதி கெடும்.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்வெட்டில் கோப்பு மட்டும் கெட்டதா, டிஸ்க்கே அடி வாங்கியதா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அதன் இன்ஸ்டால் தேவைப்படாத பதிப்பை வேறொரு கணினியில் இறக்கி பென் டிரைவில் போட்டு வந்து ஓட்டுங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளை அது காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்களின், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு கட்டங்களின், கணக்கு, சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை, சி6 என்பது எப்படியும் சரிசெய்ய முடியாதவை. மூன்றிலும் கடைசிப் பத்தியில் இருக்கும் எண் பூஜ்ஜியம் என்றால் நிம்மதி. சி5 நேற்று ஒன்று இன்று ஒன்று என்று ஏறிக்கொண்டே போனாலோ, டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, அத்தோடு நிறுத்துங்கள். அதற்குமேல் வீட்டில் செய்ய எதுவும் இல்லை. சத்தம் வரும் டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதும், யூடியூபில் பார்த்தேன் என்று ஃப்ரீசரில் வைப்பதும், மூடியைக் கழற்றுவதும் வேண்டாம்.

எண்கள் நன்றாக இருந்தாலும் அசல் டிஸ்க்கில் வேலை செய்யக் கூடாது, அதை அப்படியே நகலெடுத்து நகலில்தான் எல்லா விளையாட்டும். கோப்புகளைக் காப்பி பேஸ்ட் செய்வது நகல் ஆகாது, அழிக்கப்பட்டவை அதில் வராது. டிஸ்க்கின் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை எடுக்க வேண்டும். நாங்கள் பயன்படுத்துவது விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் ஓடும் டிடி ரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி. முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க முடிகிற பகுதிகளை எல்லாம் எடுத்துவிடும், அடம்பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு அவற்றுக்குத் திரும்பி வரும். நடுவில் மறுபடி கரண்ட் போனாலும் அந்தக் குறிப்புக் கோப்பை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையை பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து ஓட்டலாம். நகல் போய்ச் சேர 1 டிபியைவிடப் பெரிய வெளி டிஸ்க் வேண்டும், அது பழைய ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்கக் கூடாது, ஏனென்றால் அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக வைக்க முடியாது. இதில் ஒரே ஒரு ஆபத்துதான். எது அசல், எது நகல் என்று கட்டளையில் மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்க்கை உங்கள் ஆய்வின் மேல் எழுதிவிடும். லினக்ஸ் பழக்கமில்லை என்றால் உங்கள் கல்லூரியின் கணினித் துறையில் பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஒரு வேலைக்கு.

இனி காணாமல் போன ஃபோல்டர். இதுதான் நான்கில் சுலபமானது, பெரும்பாலும் அதே டிரைவிலேயே இருக்கும். கரண்ட் வந்ததும் ஓடிய அந்தச் சரிபார்ப்பு செக்டிஸ்க். அது டிரைவின் அட்டவணையை ஒழுங்குபடுத்தும், உங்கள் கோப்பைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. எந்த ஃபோல்டருக்குள்ளும் சேராமல் அநாதையாக நிற்பவற்றை எடுத்து, டிரைவின் வெளிமட்டத்தில் ஃபவுண்ட் என்று தொடங்கி மூன்று பூஜ்ஜியத்தில் முடியும் ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கும். சாதாரணமாக அது கண்ணுக்குத் தெரியாது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்வது மட்டும் போதாது, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுக்க வேண்டும். உள்ளே போனால் டிர் என்று தொடங்குபவையும் ஃபைல் என்று தொடங்குபவையும் இருக்கும். டிர் என்பவை முழு ஃபோல்டர்கள், மேல்பெயர்தான் போயிருக்கும், உள்ளே நீங்கள் வைத்த பெயர்களோடேயே கோப்புகள் வரிசையாக இருக்கும். களப்பணி ஃபோல்டர் அப்படி ஒன்றில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

ஃபைல் என்று தொடங்குபவை கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். பெயரும் போய், என்ன வகை என்பதும் போய், எல்லாமே சிஎச்கே என்ற பின்பெயரோடு நிற்கும். ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் முதல் சில பைட்டுகளில் ஓர் அடையாளம் உண்டு, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பிடிஎஃப் தன் பெயரைச் சதவீதக் குறியோடு முதல் வரியிலேயே சொல்லிவிடும். வேவ் ஒலிப்பதிவு ரிஃப் என்ற நான்கு எழுத்தில் தொடங்கும். புதிய வேர்ட், எக்செல் கோப்புகள் பிகே என்று தொடங்கும், அது ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்துகள். அவர் 2000இல் இறந்துவிட்டார், ஆனால் உலகத்தில் இன்று சேவ் ஆகும் ஒவ்வொரு வேர்ட் கோப்பின் நெற்றியிலும் அவர் பெயர்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாத அளவுக்கு இருந்தால் ட்ரிட் என்ற சிறிய கருவி மொத்தமாகப் பார்த்து வகை சொல்லும். இன்னொன்று, கணினியைப் போடும்போது மறுபடி டிரைவைச் சரிபார்க்கட்டுமா என்று கேட்டால் சில விநாடிகளுக்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒருமுறை ஓடியது போதும்.

இப்போது நான்காம் இயல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் பணத்தை விடுகிறார்கள். ஹெச்எக்ஸ்டி என்ற இலவசக் கருவியில் அந்தக் கோப்பின் நகலைத் திறங்கள். கோப்பில் உள்ள ஒவ்வொரு பைட்டையும் அது எண்ணாகக் காட்டும். ஆரோக்கியமான வேர்ட் கோப்பில் வலது பக்கம் முதல் இரண்டு எழுத்து பிகே என்று இருக்கும், கீழே விதவிதமான எண்கள் ஓடும். உங்களுடையதில் மேலிருந்து கீழ்வரை 00 00 00 என்று மட்டுமே இருக்கும் என்று நினைக்கிறேன். 3 எம்பி முழுக்கப் பூஜ்ஜியம்.

இது ஏன் நடக்கிறது என்றால், விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறை கோப்பின் பெயர், அளவு, இடம் ஆகியவற்றைத்தான் முன்கூட்டியே குறிப்பேட்டில் எழுதிப் பாதுகாக்கிறது. உள்ளடக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நீங்கள் சேவ் கொடுத்ததும் உள்ளடக்கம் நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை, முதலில் மெமரியில் நிற்கும், பிறகு டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற தற்காலிக நினைவகத்தில் நிற்கும், அப்புறம்தான் தட்டில் எழுதப்படும். அந்தச் சில விநாடி இடைவெளியில் கரண்ட் போனால், பத்திரப் பதிவு முடிந்துவிட்டது, நிலத்தில் இன்னும் யாரும் குடியேறவில்லை என்ற கதைதான். விண்டோஸ் திரும்பி வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து, ஆமாம், இந்தப் பெயரில் 3 எம்பிக்கு ஒரு கோப்பு இருக்கிறது என்று சொல்கிறது. எழுதப்படாத இடத்தைப் படிக்கக் கேட்டால் பூஜ்ஜியத்தை நீட்டுகிறது.

ஆகவே அந்தக் கோப்பைச் சரிசெய்கிறேன் என்று சொல்லும் எந்த மென்பொருளுக்கும், எந்த இணையதளத்துக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உள்ளே எதுவும் இல்லாதபோது எதைச் சரிசெய்வது? கூடவே, சமர்ப்பிக்காத ஆய்வேட்டை முகம் தெரியாத தளத்தில் ஏற்றுவதும் நல்லதல்ல.

ஆனால் மனதை விட்டுவிட வேண்டாம், இங்கேதான் வேர்ட் சேவ் செய்யும் விதம் கைகொடுக்கிறது. வேர்ட் பழைய கோப்பைத் திறந்து அதிலேயே திருத்தி எழுதுவதில்லை. முதலில் அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பைப் புதிதாக எழுதும். பிறகு உங்கள் பழைய கோப்பின் பெயரை மாற்றி ஓரமாக வைக்கும், புதியதற்கு உங்கள் பெயரைச் சூட்டும், கடைசியாகப் பழையதை அழிக்கும். அந்தப் பழையதின் பெயர் டில்டே என்னும் அலைக்குறியில் தொடங்கி டபிள்யூ, ஆர், எல் என்ற எழுத்துகளும் சில எண்களும் வந்து டிஎம்பி என்று முடியும். அதாவது இப்போது உங்கள் கையில் இருக்கும் பூஜ்ஜியக் கோப்பு புதியது. அதற்கு முந்தைய சேவ் வரை இருந்த முழு நான்காம் இயல், அழிக்கப்பட்ட கோப்பாக டிஸ்க்கின் தட்டிலேயே கிடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்கள் டி டிரைவ் எஸ்எஸ்டியாக இல்லாமல் ஹார்ட் டிஸ்க்காக இருப்பது இந்த இடத்தில் பெரிய அதிர்ஷ்டம். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை டிரிம் என்ற கட்டளை மூலம் விண்டோஸ் சொல்லிவிடும், டிஸ்க் அதைத் துடைத்துவிடும், பிறகு தேடினாலும் பூஜ்ஜியம்தான் கிடைக்கும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க்குகள் சிலவற்றிலும் டிரிம் உண்டு, உங்கள் மாடல் எது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடுவதற்கு டெஸ்ட்டிஸ்க் போதும், கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள். கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டிஸ்க்கின் நகல் கோப்பையே நேராகத் திறக்கும், அழிந்த கோப்புகளைப் பெயரோடு வரிசையாகக் காட்டும், வேண்டியதை வேறு டிஸ்க்குக்கு எடுத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டும் 2020இல் விண்டோஸ் ஃபைல் ரெகவரி என்று ஒன்றை இலவசமாக வெளியிட்டது, அதுவும் கட்டளை தட்டச்சு செய்யும் வகைதான். எந்தக் கருவியாக இருந்தாலும் தேடும் ஃபோல்டர் நான்காம் இயல் இருந்த அதே ஃபோல்டர், தேடும் பெயர் நான் மேலே சொன்ன அலைக்குறிப் பெயர். ஒன்றுக்கு மேல் கிடைக்கலாம், ஏனென்றால் நீங்கள் ஒவ்வொரு முறை சேவ் செய்தபோதும் ஒன்று அழிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுங்கள், பின்பெயரை டாக்எக்ஸ் என்று மாற்றித் திறந்து பாருங்கள், தேதியில் கடைசியாக இருப்பது நல்லபடியாகத் திறக்கும் என்று உறுதியில்லை, அதற்கு முந்தையது திறக்கலாம். பெயர் வழியாக எதுவும் கிடைக்காவிட்டால்தான் ஃபோட்டோரெக். அது பெயரையெல்லாம் விட்டுவிட்டு, முன்னே சொன்ன முதல் பைட் அடையாளங்களை வைத்து டிஸ்க் முழுவதையும் சலிக்கும். ஆயிரக்கணக்கில் பெயரில்லாத கோப்புகளை அள்ளிக் கொட்டும், அதில் உங்கள் இயலைத் தேடிப்பிடிக்க ஒரு நாள் போகும்.

சி டிரைவிலும் ஒரு வேலை இருக்கிறது. வேர்ட் தானாகவே 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மீட்புப் பிரதி எழுதும், அது உங்கள் பயனர் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ரோமிங், மைக்ரோசாஃப்ட், வேர்ட் என்று போனால் ஏஎஸ்டி என்ற பின்பெயரோடு இருக்கும். ஒழுங்காக மூடினால் வேர்டே அதை அழித்துவிடும், கரண்ட் போய் நின்றதால் அழித்திருக்காது. நீங்கள் அதற்குப் பிறகு வேர்டைத் திறந்தபோது இடது பக்கம் மீட்டெடுத்த ஆவணங்கள் என்று ஒரு பட்டை வந்ததா? அதில் வேண்டாம் என்று மூடிவிட்டீர்களா? மூடியிருந்தால் போயிருக்கும், சி டிரைவ் எஸ்எஸ்டி என்பதால் தேடியும் பயனில்லை. மூடவில்லை என்றால் அடுத்த முறை அந்தப் பட்டை வரும்போது எல்லாவற்றையும் திறந்து வேறு பெயரில் பென் டிரைவில் சேவ் செய்துவிட்டு மறுவேலை பாருங்கள்.

இத்தனை தொழில்நுட்பத்துக்கும் முன்னால் செய்யச் சொல்வது ஒன்று உண்டு. அந்த இயல் வேறு யார் கையில் எல்லாம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் தோழிக்கு அனுப்பியிருந்தால் உங்கள் ஃபோனில் வாட்ஸ்அப் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் செண்ட் என்ற உள்ஃபோல்டரில் இன்னும் இருக்கலாம். நூலகத்தில் ஒப்புமைச் சோதனைக்குக் கொடுத்திருக்கலாம். முக்கியமாக, பிரிண்ட் எடுக்கப் போன ஜெராக்ஸ் கடை. அந்தக் கடைக் கணினியின் டெஸ்க்டாப்பில் ஊரில் உள்ள பாதி ஆய்வேடுகள் கிடக்கும், யாரும் அழிப்பதே இல்லை, அந்தரங்கம் என்று பார்த்தால் தப்புதான், உங்களுக்கு இப்போது அது வரம். கடைக்குக் கொண்டுபோன பென் டிரைவில் அழித்திருந்தாலும் அதிலிருந்து மீட்பது சுலபம், அதையும் இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். தாளில் மட்டும் இருந்தால் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொல்லுங்கள், அச்சிட்ட தமிழை நன்றாகவே எழுத்தாக மாற்றித் தரும். ஒருநாள் மெய்ப்புத் திருத்தினால் இயல் தயார்.

ஐந்தாம் இயலுக்கு வருவோம். இதில் உள்ளடக்கம் இருக்கிறது, எங்கோ ஓரிடத்தில் உடைந்திருக்கிறது. முதலில் நகலெடுங்கள். வேர்டில் ஓப்பன் பொத்தானை நேராக அழுத்தாமல் அதன் ஓரத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தினால் ஓப்பன் அண்ட் ரிப்பேர் என்று வரும், அதைச் செய்து பாருங்கள். முடியவில்லை என்றால் லிப்ரே ஆஃபீஸில் திறங்கள். கோப்பு பழுதாகியிருக்கிறது, சரிசெய்து திறக்கவா என்று கேட்கும், வேர்ட் கைவிட்ட கோப்பை அது திறப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஆகவில்லை என்றால் பின்பெயரை ஜிப் என்று மாற்றி 7-ஜிப்பில் திறங்கள். டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்தான், 2007இலிருந்து அப்படித்தான். உள்ளே வேர்ட் என்ற ஃபோல்டரில் டாக்குமெண்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் உங்கள் எழுத்து முழுவதும் இருக்கும், பக்கத்தில் மீடியா ஃபோல்டரில் படங்கள் தனித்தனியாக இருக்கும். ஜிப்பில் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டது, அதனால் எழுத்து கெட்டிருந்தாலும் படங்களும் வரைபடங்களும் தப்பித்திருக்கும். எழுத்துக் கோப்பின் நடுவில் அடி விழுந்திருந்தால் அந்த இடம் வரைக்கும் நன்றாகப் பிரியும், அதற்கு அப்புறம் வருவது சந்தேகம், சுருக்கும் முறை முன்னால் வந்ததை நம்பியே பின்னால் வருவதை எழுதுகிறது. பொட்டலமே திறக்கவில்லை என்றால் அதன் கடைசியில் இருக்கும் பொருளடக்கம் வெட்டுப்பட்டிருக்கும். ஒவ்வொரு உறுப்பின் தலையிலும் இன்னொரு குறிப்பு இருப்பதால் லினக்ஸின் ஜிப் கட்டளையில் இருக்கும் பழுதுபார்க்கும் வசதி அவற்றை வைத்துப் பொருளடக்கத்தைத் திரும்ப எழுதிவிடும்.

எக்ஸ்எம்எல் கோப்பைத் திறக்கும்போது தமிழுக்குப் பதிலாக, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வந்தால் பதறாதீர்கள். எழுத்து கெடவில்லை, யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் (என்கோடிங்) இருக்கும் தமிழை அந்த மென்பொருள் வேறு முறையில் படிக்கிறது, என்கோடிங்கை மாற்றிக் கொடுத்தால் தமிழ் வந்துவிடும். ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட், அதில் முதல் இரண்டு பைட்டும் பெரும்பாலும் ஒரே ஜோடி, அதனால்தான் அந்த இரண்டு குறியும் திரும்பத் திரும்ப வருகின்றன.

உங்கள் நெறியாளரின் குறிப்புகளும் இதற்கு உறவுதான். பல வருடம் முந்தைய தட்டச்சு என்கிறீர்கள், அப்படியானால் பாமினியோ வானவில்லோ ஸ்ரீலிபியோ போட்டு அடித்திருப்பார். இந்த எழுத்துருக்களில் கணினிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து, அதன் மேல் தமிழ் உருவம் ஒட்டியிருக்கும், எழுத்துரு கணினியில் இல்லை என்றால் உருவம் உரிந்து ஆங்கிலம் தெரியும். பாமினியில் அம்மா என்பதை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் சேமித்திருக்கும். குப்பைக்குள் எங்கு பார்த்தாலும் அரைப்புள்ளியாக இருக்கிறதா என்று பாருங்கள், பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அதுதான். அந்த எழுத்துருவை நிறுவினால் அப்படியே படிக்கலாம், யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவை இருக்கின்றன. இந்தக் கோப்புகளைப் பழுதானவை என்று நினைத்து எந்த ரிப்பேர் கருவியிலும் போட்டுவிடாதீர்கள், நல்ல கோப்பைக் கெடுத்துவிடும்.

லேப்டாப் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. உள்ளே இருந்த கோப்புகள் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தன, ஆனால் டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்த கணினிகளை மீட்க 48 இலக்கச் சாவி தேவைப்பட்டது, அதைத் தேடித்தான் பல ஐடி ஆட்கள் அலைந்தார்கள். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து நுழைந்ததுமே இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது, உரிமையாளருக்கே தெரியாது. மதர்போர்டு போய் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அந்தச் சாவி இல்லாமல் ஒரு எழுத்துகூடக் கிடைக்காது. சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் இருக்கும், அதைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

டிஸ்க்கில் சத்தம் வருகிறது, அல்லது அந்த மூன்று எண்களும் மோசம் என்றால் தரவு மீட்பு மட்டுமே செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் செக்டார் நகல் எடுத்து நகலில்தான் வேலை செய்வீர்களா என்று கேளுங்கள், இல்லை என்றால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டிய பிறகுதான் முழுப் பணம் என்று பேசுங்கள், பட்டியலில் பெயர் இருந்தால் போதாது, சிலவற்றைத் திறந்தும் காட்டச் சொல்லுங்கள், பூஜ்ஜியக் கோப்புக்கும் பெயரும் அளவும் நன்றாகத்தான் இருக்கும். பழைய டிஸ்க்கைத் திரும்பத் தர வேண்டும். உங்கள் களப்பணிப் பேட்டிகளில் பேசியவர்கள் உங்களை நம்பிப் பேசியிருப்பார்கள், வேலை முடிந்ததும் மீட்பு நிறுவனம் தன்னிடம் உள்ள பிரதியை அழிக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

யுபிஎஸ் பேட்டரியை மாற்றிவிட்டுத்தான் இந்த மீட்பு வேலையைத் தொடங்க வேண்டும், நடுவில் இன்னொரு மின்வெட்டு வந்தால் தாங்காது. மீதி இயல்களை வேறொரு கணினியில் எழுதும்போது வேர்டின் ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய் 10 நிமிடம் என்றிருப்பதை 2 ஆக்குங்கள், அட்வான்ஸ்டு பகுதியில் எப்போதும் காப்புப் பிரதி எடு என்பதற்கு டிக் போடுங்கள், முந்தைய சேவ் அழியாமல் டபிள்யூபிகே என்ற பெயரில் பக்கத்திலேயே நிற்கும். ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ வைத்தால் பழைய பதிப்புகளும் கிடைக்கும், கெட்டுப்போன கோப்பு அங்கேயும் ஏறிவிட்டால் பதிப்பு வரலாற்றில் போய் முந்தையதை எடுக்கலாம்.

நான்காம் இயலை ஹெச்எக்ஸ்டியில் திறக்கும்போது நான் நினைத்ததற்கு மாறாகப் பூஜ்ஜியம் இல்லாமல் வேறு எண்கள் தெரிந்தால், முதல் இரண்டு வரியையும் கடைசி இரண்டு வரியையும் படம் எடுத்து அனுப்புங்கள். அப்படியென்றால் அது ஐந்தாம் இயல் மாதிரியான கேஸ், வேறு மாதிரி அணுக வேண்டும். அந்த 05, சி5, சி6 எண்களையும் சேர்த்து எழுதிவிடுங்கள். சமர்ப்பிக்கும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று நெறியாளரிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள், டிஸ்க் நகல் எடுக்கும்போது அவசரப்படுகிறவர்கள்தான் கட்டளையை மாற்றித் தட்டுகிறார்கள்.